சிரிக்காத படம் ஒன்றும் கிடைக்கவில்லை

எங்கே இருந்தாலும் பத்துப் பேரைச் சுற்றி உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருக்கும் என் அண்ணாவுக்கு,

உங்கள் நினைவு நாளுக்கு ஊர் முக்கில் பேனர் வைக்க வேண்டும் என்று படம் தேடிக்கொண்டு நேற்றுச் சாயங்காலம் அண்ணி வந்திருந்தார். "இந்த வருசமாச்சும் வாயை மூடிட்டு இருக்கற படம் ஒண்ணு போடலாம்னு பாக்கறேன் பூங்கொடி. பல்லெல்லாம் தெரிய நிக்கற ஆளுக்குக் கீழ கண்ணீர் அஞ்சலின்னு போட்டா, போறவன் வாரவன் கல்யாணப் பேனருன்னு நெனைச்சுக்கறான்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். உங்களோடு இருந்த பழக்கம்.

செல்போனில் தேடினோம், ஆல்பங்களில் தேடினோம். போர்வெல் போடும் புது ரிக் வண்டிக்குப் பூசை போட்ட படம். என் மகள் தர்ஷினிக்குக் காது குத்தியபோது தாய்மாமனாக அவளை மடியில் வைத்திருக்கும் படம். துக்க வீட்டு வாசலில் யாரோ எடுத்த படம். அதில்கூடச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறீர்கள். கடைசியில் அண்ணி தன் போனிலிருந்து ஒன்றைக் காட்டினார். சேலத்தில் டயாலிசிஸ் கட்டிலில், கையில் ஊசிகளோடு படுத்திருக்கிறீர்கள். "பாரு, இதுலயும்" என்றார். வண்டிப் பூசைப் படமே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

அண்ணி காபி டம்ளரைக் கழுவப் போனதும் அந்த ஆஸ்பத்திரிப் படத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கினேன். வாயை விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் பார்த்தேன், கண்ணிலாவது ஏதாவது தெரியுமா என்று. ஒன்றும் தெரியவில்லை, அண்ணா. கண்ணும் சிரித்தது. இத்தனை பக்கத்தில் வைத்துப் பார்த்தும் ஒரு மனிதருக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாதென்றால், என் பெண்ணை நான் எப்படிப் பார்த்துக்கொள்வேன்?

உங்கள் மருமகளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அதற்கு முன்னால் நம் இரண்டு பேரைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும்.

நான் பயந்த சுபாவம் என்பது நம் சொந்தம் முழுவதற்கும் தெரியும். ஊருக்குப் போகப் பஸ் ஏறினால், அடுப்பை அணைத்தேனா என்று சங்ககிரி தாண்டும்வரை யோசிப்பேன். போன் அடித்துச் சட்டென்று நின்றால் யாரோ ஆஸ்பத்திரியில் இருப்பதாக நினைத்துக்கொள்வேன். "இவகிட்ட நல்ல சேதி சொன்னாலும் அதுக்குப் பொறகால என்ன வருதுன்னு எட்டிப் பாப்பா" என்று அம்மா இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் மேகமே இல்லாத வானத்தைக் காட்டி, "பொழுதோட மழை வருது, பாத்துக்க" என்பீர்கள். வராவிட்டால், "நாளைக்கு வருது. எங்க போயிரும்?"

அந்தக் குணத்துக்கு ஏற்றாற்போல்தான் தொழிலும் அமைந்தது. திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வண்டி வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். ஆனாலும் உங்களைப் பார்க்கும்போது அது உங்களுக்காகவே உண்டான வேலை என்று தோன்றும். கர்நாடகத்திலோ ஆந்திராவிலோ முன்பின் தெரியாத ஒரு விவசாயியின் காட்டில் நின்றுகொண்டு, இந்தப் பாறைக்கு அடியில் தண்ணீர் இருக்கிறது என்று நம்ப வேண்டும். நம்பாதவன் அந்த வண்டியில் ஒரு மாதம் தாங்க மாட்டான் என்பீர்கள்.

ஆகவே எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். கஷ்டம் என்று ஒன்று வந்தால் பூங்கொடி உடைந்துபோவாள். பெரியவனை எதுவும் அசைக்காது. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்தில் உளவியல் புத்தகங்களுக்கு என்று ஓர் அடுக்கு உண்டு. நீங்கள் போன பிறகு அதன் பக்கத்தில் நிறைய நின்றிருக்கிறேன். கலகலப்பாகப் பழகுகிறவர்களிடம் நம்பிக்கை கூடுதலாக இருக்கும், எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிறவர்கள் நம்பிக்கை இழக்கும் பக்கம் சாய்வார்கள் என்கிற மாதிரி எழுதியிருந்தது. பொய்யாக இருக்காது. எத்தனையோ பேரைக் கேட்டுத்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் அந்த எத்தனையோ பேரில் எனக்கு வேண்டியது ஓர் ஆள். அந்த ஓர் ஆளைப் பற்றிப் புத்தகம் ஒன்றும் சொல்லவில்லை.

உங்களுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று டாக்டர் சொன்ன அன்று, நாற்காலியில் சரிந்தது நான். தண்ணீர் பிடித்துக் கொடுத்தது நீங்கள். "பேஷன்ட் நானுங்களா, இவளுங்களா டாக்டர்?" என்று கேட்டீர்கள். டாக்டரே சிரித்துவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் எல்லோருடைய கண்ணும் என் மேல்தான் இருந்தது. அவளிடம் மெதுவாகச் சொல்லுங்கள், அவளைத் தனியே விடாதீர்கள் என்று. தனியே விட்டது உங்களை. டயாலிசிஸுக்கு நீங்களே காரை ஓட்டிக்கொண்டு சேலம் போய் வந்தீர்கள். கூட வருகிறேன் என்று அண்ணி கிளம்பினால், "நீ வந்து பக்கத்துல உக்காந்து மூக்கை உறிஞ்சுவே. அப்புறம் அந்த நர்சுப் புள்ளைங்களுக்கு யாரு கதை சொல்றது?" என்று தடுத்துவிட்டீர்கள். அவருக்கென்ன, சமாளித்துக்கொள்வார் என்று விட்டுவிட்டோம்.

கடைசியில் உங்கள் முகம் ஊதிக்கொண்டே வந்தது. சித்தப்பா வீட்டு விருந்தில் பந்தியில் வைத்து, ஏன் இப்படி என்று நான் கேட்டேன். "உங்க அண்ணி கோழிக்கொழம்பு வெச்சே என்னைக் கொழுக்க வெக்கறா. எனக்கு அப்புறம் வேற யாரையோ பாத்து வெச்சிருக்கறாளாட்ட இருக்குது" என்றீர்கள். பந்தியே சிரித்தது. அண்ணி உங்கள் தலையில் கரண்டியால் தட்டினார். நானும் சிரித்தேன்.

பிறகு ஒரு மத்தியானம் டயாலிசிஸ் செய்யும் இடத்திலிருந்து அண்ணிக்குப் போன் வந்தது. "ஏனுங்க, சார் ஊருக்குப் போயிட்டாருங்களா? ஒரு வாரத்துக்கு மேல ஆளையே காணோமேங்க."

"இன்னைக்குக் காத்தாலதானுங்களே அங்க வந்தாரு" என்றார் அண்ணி.

நீங்கள் ஜேடர்பாளையத்தில், தடுப்பணைப் பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள். முன்பு சேலம் போவதாகச் சொல்லிக் கிளம்பிய நாட்களிலும் அங்கேதான் இருந்தீர்கள் என்று மீன் வறுக்கிற கடைக்காரர் பிற்பாடு சொன்னார். "காவேரியவே பாத்துக்கிட்டு இருப்பாருங்க. கிட்டப் போனா கலகலன்னு பேசுவாரு. ஒரு கொறையும் தெரியலீங்க." அண்ணி போன் செய்து கூப்பிட்ட பிறகுதான் வீட்டுக்கு வந்தீர்கள். வந்த கொஞ்ச நேரத்தில் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் எவ்வளவோ பார்த்தார்கள். திரும்பவில்லை.

ஏன் போகவில்லை, அண்ணா? அலுத்துவிட்டதா? இனிமேல் ஒன்றும் இல்லை என்று உங்களுக்குள் முடிவு செய்துவிட்டீர்களா? இல்லை, நாலு தடவை போகாவிட்டால் என்ன ஆகிவிடும் என்கிற அந்தப் பழைய தைரியமா? நம்பிக்கை தீர்ந்துபோய் அங்கே உட்கார்ந்திருந்தீர்களா, நம்பிக்கை கூடிப்போய் உட்கார்ந்திருந்தீர்களா? கடைக்காரர் பார்த்தது இரண்டுக்கும் பொருந்துகிறது. ஒரே ஆள், ஒரே சிரிப்பு, ஒரே வறுத்த மீன். எனக்கு இன்றுவரை தெரியாது. நீங்கள் இல்லாததைக்கூட ஒருவாறு பழகிக்கொண்டேன். இந்தத் தெரியாமையை என்னால் பழகிக்கொள்ள முடியவில்லை.

இனி தர்ஷினியைப் பற்றி.

குழந்தையிலிருந்தே "அப்படியே மாமன்" என்று பெயர் வாங்கியவள் அல்லவா? போன வருடம் பிளஸ் டூ முடித்து நீட் எழுதினாள். மார்க் போதவில்லை. நான்தான் மூலையில் உட்கார்ந்து அழுதேன். அவள் என் முதுகைத் தட்டிக்கொடுத்து, "அடுத்த வருசம் அள்ளிரலாம்மா, விடு" என்றாள். மறுபடி படிக்கிறேன் என்று அவளே கேட்டதால், நாமக்கல்லில் விடுதியோடு இருக்கும் ஒரு பயிற்சி மையத்தில் சேர்த்தோம்.

பெற்றோர் பார்க்கும் ஞாயிற்றுக்கிழமை அங்கே எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ரிக் வண்டி எங்கேயோ நின்றாலும் சொந்தக்காரப் பிள்ளைகளைப் பார்க்கப் பிரியாணி வாங்கிக்கொண்டு போன ஆள்தானே நீங்கள்? வேப்ப மரத்தடியில் வரிசையாகப் பாய்கள். சாப்பாட்டுத் தூக்குப்போசியைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பாவும் அம்மாவும் பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு பாயில் மார்க் எவ்வளவு என்று கேட்டால் அடுத்த பாய் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கும். தர்ஷினி வந்துவிட்டால் மட்டும் சுற்றியிருப்பவர்கள் மார்க்கை மறந்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பி உட்கார்வார்கள். வார்டன் நடப்பதைப் போல நடந்து காட்டுவாள், பிசிக்ஸ் சார் தும்முவதைப் போலத் தும்மிக் காட்டுவாள்.

போன மாதம் அப்படி ஒரு ஞாயிறு. பக்கத்துப் பாயில் எடப்பாடியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா. தர்ஷினியோடு ஒரே அறையில் இருக்கும் பெண்ணின் தாய். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க புள்ள இருக்கற வரைக்கும் எங்களுக்குக் கவலையே இல்லீங்க. எம்பொண்ணு அழுதுட்டுச் சாப்பிடாம கெடந்தா, இது தாஞ்சாப்பிடாம அவளுக்கு ஊட்டி உடுதாமா. ராத்திரியெல்லாம் தூங்காம அடுத்ததுகளுக்குச் சொல்லிக் குடுக்குதாமா. இதா, எம்பொண்ணு போட்டிருக்கறது உங்க புள்ள சுடிதாருங்க. புதுசு. வேண்டாம்னாலும் கேக்காம குடுத்துருச்சாமா. தங்கமான கொணமுங்க."

எல்லோரும் பெருமையாகத் தலையாட்டினார்கள். என் வீட்டுக்காரரும் ஆட்டினார். நான் அவர் சொன்னதை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். சாப்பிடுவதில்லை. தூங்குவதில்லை. ஈரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி ஆசைப்பட்டு வாங்கிய துணியைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அவள் கையைப் பார்த்தேன். கைக்கடிகாரம் வளையல் மாதிரி மேலும் கீழும் போய் வந்துகொண்டிருந்தது.

"ஏஞ்சாமி, இப்படி எளைச்சுட்டே?"

"டயட்டும்மா. டாக்டரம்மா குண்டா இருந்தா பேஷன்ட்டு எப்படி வருவாங்க?"

மரத்தடியே சிரித்தது. அவள் முகத்தைப் பார்த்தேன், அண்ணா. பந்தியில் கோழிக்குழம்பு என்று சொன்னபோது உங்களுக்கு இருந்த அதே முகம். என் கையிலிருந்த கரண்டி ரசத்துக்குள் விழுந்துவிட்டது.

உங்கள் தொழிலில் நீங்கள் வைத்திருந்த ஒரு வழக்கம் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் ஓடிக்கொண்டிருக்கும். ஈரமே இல்லாமல் வெறும் புழுதியாகப் பறக்கும். இன்னும் ஆழம் போக இன்னொரு ராடு இறக்குவதா, நிறுத்துவதா என்று நிலத்துக்காரர்தான் சொல்ல வேண்டும். அதை மாமன் மச்சான் கூட்டத்துக்கு நடுவில் நீங்கள் கேட்கவே மாட்டீர்கள். கூட்டத்தில் கேட்டால் கௌரவத்துக்காக "எறக்குங்க" என்றுதான் வாய் சொல்லும் என்பீர்கள். அவரை லாரி கேபினுக்குள் ஏற்றிக் கண்ணாடியை மூடிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல், இருவரும் எதிரே பார்த்தபடி உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்பீர்கள்: "தண்ணி வரலைன்னா நாளைக்குக் காத்தால எந்திரிச்சு என்ன பண்ணுவீங்க?"

மாட்டை விற்பேன், திருப்பூருக்கு வேலைக்குப் போவேன், உன் வண்டியைக் கொளுத்துவேன் என்று எதையாவது சொல்கிறவரைப் பற்றிக் கவலையில்லை. அழுகிறவரைப் பற்றியும் கவலையில்லை. "அட, என்னங்க பண்றது, பாத்துக்கலாம் உடுங்க" என்று சிரிக்கிற ஆளை விட்டுவிட்டு மட்டும் வண்டியை எடுக்க மாட்டீர்கள். வண்டியில் ரிப்பேர் என்று ஏதாவது பொய் சொல்லி, அவருடைய சொந்தம் யாராவது வந்து சேரும்வரை அந்தக் காட்டிலேயே கிடப்பீர்கள். இதை எங்களிடம் வேடிக்கைக் கதை போலத்தான் சொல்வீர்கள். நாங்களும் வேடிக்கையாகத்தான் கேட்டோம். உங்களை யாரும் எந்தக் கேபினுக்குள்ளும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

பிள்ளைக்குப் பல்வலி, டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று வார்டனிடம் சொன்னேன். வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக நான் பொய் சொன்னதில்லை. "எங்க கெளம்பிட்டே, புள்ள?" என்று கேட்ட என் வீட்டுக்காரரிடம், "வந்து சொல்றனுங்க, இருங்க" என்றேன். காரை நான் ஓட்டினேன். நான் கார் எடுத்தால் நம் ஊர்க் கோழிகூட ஓரமாக ஒதுங்கி நிற்கும் என்பீர்களே, அந்தக் கையால்தான். ஊரைத் தாண்டி ஒரு புளிய மர நிழலில் நிறுத்திக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். முட்டை வண்டிகள் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தன. இருவரும் எதிரே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தர்ஷு, சீட்டு கெடைக்கலைன்னா, மறுநாள் காத்தால எந்திரிச்சு என்ன பண்ணுவே?"

"உன்ற லைப்ரரிக்கு வாரேன். நீ புஸ்தகம் அடுக்கு, நான் தூசி தட்டறேன்" என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. எதுவும் பேசவும் இல்லை. பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். நின்றிருந்த வண்டியின் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"என்னம்மா, ஜோக்கு மொக்கையா?"

"ஜோக்கு நல்லாத்தான் இருக்குது கண்ணு. கேட்டதுக்குப் பதில் சொல்லு."

அவள் கைக்கடிகாரத்தை முழங்கை வரை ஏற்றிக் கீழே விட்டாள். பிறகு, "தெரியலம்மா" என்றாள். எனக்குப் பழக்கமில்லாத குரல். "ரிசல்ட்டுக்கு அடுத்த நாளுன்னு நெனைச்சுப் பாக்கறேன். ஒண்ணுமே வரமாட்டேங்குது. ஊடு வருது, நீ வாரே, அப்பா வாராரு. நான் மட்டும் அதுல இல்ல."

கேட்கக் கூடாது என்று என் உடம்பு முழுவதும் சொன்னது. இல்லாத நினைப்பை நானே அவளுக்குள் வைத்துவிடுவேனோ என்று இருந்தது. கேட்டேன். "செத்துப் போயிரலாம்னு தோணுதா, சாமி?"

"சில நாளு" என்றாள்.

அண்ணா, நான் எவ்வளவோ பயந்திருக்கிறேன். அதெல்லாம் பயமே இல்லை. அந்த இரண்டு சொல்தான் பயம்.

"ஏஞ்சாமி எங்கிட்டச் சொல்லல?"

"எப்படிம்மா சொல்றது? நீ ஒண்ணுமில்லாததுக்கே பயந்து சாவே. அப்பா எல்லார்த்துகிட்டயும் 'எம்புள்ள எதுக்கும் அசராது'ங்கறாரு. சொந்தக்காரங்க வந்தா 'அப்படியே மாமன்'ங்கறாங்க. அப்புறம் நான் எங்கம்மா போயி அசர்றது?"

அவளுக்கு உங்களைப் பற்றித் தெரிந்ததெல்லாம் மூச்சுத் திணறி இறந்தீர்கள் என்பதுதான். சேலம் போவதாகச் சொல்லிவிட்டு நீங்கள் ஜேடர்பாளையத்தில் உட்கார்ந்திருந்ததை உங்களைக் கேட்காமல் அவளிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்று எனக்குத் தெரியாது என்பதையும் சொன்னேன். அவள் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மாமாகிட்ட யாராச்சும் கேட்டீங்களா?" என்றாள். இல்லை என்றேன். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். அழுகைக்கு நடுவில், "பல்வலின்னு சொல்லிட்டியே, எந்தப் பல்லுன்னு வார்டன் கேட்டா என்னன்னு சொல்றது?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, பயம் போகவில்லை.

வார்டனுக்குப் பதில் சொல்லும் வேலை வரவில்லை. அன்றைக்கே பெட்டியைக் கட்டி வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். என் வீட்டுக்காரரிடம் மரத்தடியில் சொன்னேன். அவர் பாயைச் சுருட்டினார். குழாயடிக்குப் போய்த் தூக்குப்போசியைக் கழுவினார், ரொம்ப நேரம் கழுவினார். திரும்பி வந்து, "இப்ப என்ன பண்ணோணும், அதச் சொல்லு" என்றார். சேலத்தில் ஒரு மனநல டாக்டரிடம் போகிறோம். குச்சிக்கிழங்குக் காட்டுக்கு முறை வைத்துத் தண்ணீர் கட்டுவதைப் போல அவள் அப்பா நேரம் தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறார். எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஆனால் நாளைக்கு வேண்டியதை இன்றைக்கே எடுத்து வைக்கிறார். இப்படியும் ஒரு மாதிரி நம்பிக்கை இருக்கிறது, பாருங்கள். நம் வீட்டில் இதை யாரும் ஒரு குணமாகவே எண்ணியதில்லை.

காரில் நான் கேட்டது தப்பா என்று டாக்டரைக் கேட்டேன். நேராகக் கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது, கேட்டதே நல்லது என்றார். வீட்டில் எதையெல்லாம் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும், எப்போது உடனே கூட்டி வர வேண்டும் என்று எங்களை உட்கார வைத்துச் சொன்னார். தர்ஷினியிடமும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொடுத்தார். அம்மா கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். அவள் சரி என்றாள்.

சொந்தத்தில் விஷயம் கசிந்துவிட்டது. என் சின்ன மாமியார் பார்க்க வந்தார். "அந்தப் புள்ளைக்கா மனசு செரியில்ல? சிரிச்ச மூஞ்சியாச்சே! உன்னையச் சொன்னாலும் நம்பலாம்" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. நாங்கள் எல்லோரும் உங்களுக்குச் செய்தது அதுதானே?

என் பங்கையும் யோசிக்கிறேன். எதற்கும் அசராதவள் என்று அவள் அப்பா போட்ட பூட்டைப் போலவே, என் பயமும் அவளுக்கு ஒரு பூட்டாகத்தான் இருந்திருக்கிறது. அம்மாவை யார் தேற்றுவது என்று நினைத்தே வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். அதனால் இப்போது அவள் எதையாவது சொல்லும்போது நான் அழுவதில்லை. கேட்டுக்கொள்கிறேன். பிறகு கொல்லைப் பக்கம் போய்த் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து நடுங்குகிறேன். குளியலறைக் கதவு மூடினால் வெளியே நிற்கிறேன். நிற்பது அவளுக்குத் தெரியும். "உள்ளதாம்மா இருக்கறேன்" என்று குரல் கொடுப்பாள்.

பயப்படுகிறவர்களுக்கு நம்பிக்கை குறைவு என்கிறார்கள். இழப்பதற்கு ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டால் எதற்குப் பயப்பட வேண்டும்? எனக்கு இன்னும் வேண்டியது ஒன்று மிச்சம் இருக்கிறது, அதனால்தான் பயம் என்று சொல்லிக்கொள்கிறேன். இது உண்மையா, எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் சமாதானமா? உங்களிடம் கேட்டால் இரண்டுக்கும் சிரித்திருப்பீர்கள்.

இன்று காலையில் இட்லி சாப்பிடும்போது அவள் அப்பா சொன்ன எதற்கோ வாய்விட்டுச் சிரித்தாள். தட்டை எடுக்கும்போது நான் பக்கத்தில் போய், "நெசமாத்தான் சிரிச்சியா, சாமி?" என்று கேட்டேன்.

"அய்யோ அம்மா!" என்று கத்தினாள். "ஒரு சிரிப்பக்கூட நிம்மதியாச் சிரிக்க உடமாட்டியா? எந்நேரமும் பொறகாலயே சுத்திக்கிட்டு! எனக்கு மூச்சு முட்டுது!" தட்டைத் தொட்டியில் போட்ட சத்தத்தில் என் வீட்டுக்காரர் எழுந்து வந்துவிட்டார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அந்த எடப்பாடிப் பெண்ணிடம் போனில் என்னைத் திட்டுவது கேட்டது. எங்கம்மா ஒரு லூசு என்றாள். இன்னும் நிறையச் சொன்னாள்.

கதவுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டேன், அண்ணா. பிறந்ததிலிருந்து அவள் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை. நீங்களும் எங்கள் ஒருவரையும் ஒரு நாளும் திட்டியதில்லை. திட்டியிருக்கலாம்.

கொஞ்சம் கழித்துக் கதவைத் திறந்தாள். முகம் வீங்கியிருந்தது. "நெசமாத்தான் சிரிச்சேன். போதுமா?" என்றாள். பிறகு நிலைப்படியைப் பார்த்துக்கொண்டு, "சாயங்காலமும் கேளும்மா. பொழுது எறங்கறப்பத்தான் எனக்கு ஒரு மாதிரி ஆவுது" என்றாள்.

இப்போது பொழுது இறங்கிக்கொண்டிருக்கிறது. மாட்டுக் கொட்டகைப் பக்கம் கன்றுக்குட்டியோடு ஏதோ பேசிக்கொண்டிருக்கிறாள். நல்ல பேச்சா, அல்லவா என்று இங்கிருந்து தெரியவில்லை. இந்தக் கடிதத்தை இப்படியே வைத்துவிட்டு எழுந்து போகிறேன்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவள் அழுதால் கேட்பேன். கோபித்துக்கொண்டால் கேட்பேன். அவள் சிரித்தால், கட்டாயம் கேட்பேன்.

உங்கள் தங்கச்சி,
பூங்கொடி